காரணம் எழுதும் கட்டம்

படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு
இரண்டு விரற்கடை இடம்தான் விட்டிருக்கிறார்கள்.
மேலும் தங்க விரும்புவதன் காரணம்.
'சுற்றுலா' என்று எழுதினால் போதும்.
எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.
நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்துவேன்.

நோங் காய், குடிவரவு அலுவலகம், நான்காம் கவுன்ட்டர்.
மின்விசிறிக்குத் தாள் பறக்காமலிருக்க
மீகாங் கரையில் பொறுக்கிய கல் ஒன்று வைத்திருக்கிறேன்.
புகைப்படம் ஒன்று, பாஸ்போர்ட் நகல்,
தங்கும் விடுதியின் கடிதம், கட்டணம்.
அரைக்கால் சட்டையோடு வந்தால்
திருப்பி அனுப்பச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை.
ஆனாலும் அனுப்புவேன்.

ஆடி அசைந்து வந்தார் உர்மாஸ்.
டாலின் நகரத்தில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவராம்,
தண்டவாளம் இல்லாத ஊரில் நடக்க
இன்னும் பழகவில்லை போல.
அவருடைய கட்டத்தில் இருந்தது:
'விடுதிப் பூனை இன்னும் குட்டி போடவில்லை.'

அன்றைக்குத்தான் நிமிர்ந்தேன்.
இது செல்லாது என்றேன்.
இதுதான் உண்மை என்றார்.
உண்மையை யார் கேட்டது, காரணத்தைத்தான் கேட்கிறோம்
என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.
பேனாவைக் கொடுத்தேன்.
ஒரே கோடாகப் பூனையை அடித்துவிட்டு
அதன் கீழே, எறும்பு எழுத்தில்,
சுற்றுலா.

முப்பது நாள்.

முப்பதாம் நாள் மறுபடியும் வந்தார்.
கைப்பேசியில் நான்கு குட்டிகள்,
ஒன்றுக்கு மட்டும் வாலில் கறுப்பு வளையம்.
இரண்டாவது முறை நீட்டிக்க முடியாது என்றேன்.
குட்டிகளுக்கு இந்தச் சட்டம் உண்டா என்றார்.
பாலத்தைத் தாண்டிப் போய் லாவோஸில்
ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுத் திரும்பி வாருங்கள்,
வாசலில் இருக்கிற ஆள் மனது வைத்தால்
முதலிலிருந்து எண்ணுவார்கள் என்றேன்.
இங்கே இருப்பதற்காகவே அங்கே போவதா?
தலையைச் சொறிந்தார்.
ஆமாம். பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

போனார். திரும்பினாரா தெரியாது,
அது பாலத்தடிக் கவுன்ட்டரின் கணக்கு.

என் புருஷன் சம்ரித் தைச்சுங்கில் இருக்கிறான்.
சைக்கிள் சங்கிலி செய்யும் தொழிற்சாலை.
மூன்று வருடம் என்று போனவன்,
மூன்று மூன்றாக இப்போது ஒன்பது.
ஒவ்வொரு தடவையும்
'இதுதான் கடைசி' என்கிறான்,
கடைசி என்ற சொல்லுக்கே வயதாகிவிட்டது.
அங்கேயும் ஒரு படிவம் இருக்கும் அல்லவா?
அதிலும் ஒரு கட்டம்.
நிமிர்ந்து பார்க்காத ஒருத்தி.

வேலை என்றுதான் எழுதியிருப்பான்.
அது எனக்குத் தெரியும்.
அதற்கு மேலே ஏதாவது எழுதி அடித்தானா
என்பதுதான்
உர்மாஸ் போன நாளிலிருந்து என்னைத் தின்றது.
அவருடைய தாளைக் கோப்பிலிருந்து எடுத்துத்
திருப்பிப் போட்டுத் தடவியும் பார்த்தேன்.
அழுத்தமான கை.
பின்பக்கத்தில் பூனை புடைத்துக்கொண்டிருந்தது.

நேற்று இரவு கேட்டேவிட்டேன்.
தங்குவதற்குக் காரணம் கேட்டார்களே,
என்ன எழுதினாய்?
அவன் சிரித்தான், பின்னால் யாரோ
பாத்திரம் கழுவும் சத்தம்.
"படிவத்தையெல்லாம் ஏஜென்ட் நிரப்பிவிடுவான்.
காட்டுகிற இடத்தில் கையெழுத்து, அவ்வளவுதான்.
ஏன், என்ன ஆயிற்று?"
ஒன்றுமில்லை என்றேன்.
மழை வருகிறதா என்று கேட்டான்.
வரவில்லை என்றேன்.

காலையில் வழக்கம்போல
முத்திரையின் தேதிச் சக்கரத்தை ஒரு பல் தள்ளப் பார்த்தேன்.
பழைய மையில் ஒட்டிக்கொண்டிருந்தது,
நகத்தால் நெம்ப வேண்டியதாயிற்று.