லாரி வருது

புளியரை சோதனைச்சாவடியில்
கோழிக்காய்ச்சல் பணி, ராத்திரி முறை.
கேரளாவிலிருந்து இறங்கும் வண்டிகளின்
சக்கரங்களுக்கு மருந்தடிக்க வேண்டும்.
கோழியோ வாத்தோ முட்டையோ இருந்தால்
திருப்பி அனுப்ப வேண்டும்.
திரும்ப மாட்டேன் என்பவனோடு
மலையாளத்தில் மல்லுக்கட்ட உச்சிமாகாளி,
ரசீது எழுத நான்.

பதினோரு ராத்திரி இப்படிப் போனது.
பன்னிரண்டாவதில் கரண்ட் போய்
சாரல் தகரத்தில் பொடிப்பொடியாய் விழ
அவன் என் கையைப் பிடித்தான்.

டார்ச் கேட்கிறான் என்று நினைத்தேன்.
கொடுத்தும்விட்டேன்.
அதை மேசையில் வைத்துவிட்டு
திரும்பவும் பிடித்தான்.

"ஏ குத்தாலம், ஒன்னய எனக்குப் பிடிக்கும்."
"எனக்குந்தாம்ல ஒன்னயப் பிடிக்கும்."
"இல்ல. அந்தப் பிடிக்கும்."

எங்கள் ஊர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்.
மீன்குழம்பு பிடிக்கும், சளி பிடிக்கும்,
பேய் பிடிக்கும், பஸ் பிடிக்க ஓடுவோம்.
இத்தனைக்கும் ஓடியாடி வேலை செய்த சொல்
அன்றைக்கு ரெண்டு பேர் கைக்கு நடுவில்
மருந்து வாடையோடு
நகராமல் கிடந்தது.

நான் சொன்னேன்:
"லாரி வருது."

லாரி வரவில்லை.
எஸ் வளைவு முழுக்க இருட்டு.
ஒரு தவளைகூட எனக்குச் சாட்சி சொல்லவில்லை.
அவன் கையை எடுத்துக்கொண்டு வெளியே போய்
ஸ்பிரேயரைத் தோளில் மாட்டி
வராத லாரிக்காக மழையில் நின்றான்,
நான் பொய்யனாகிவிடக் கூடாது என்பதுபோல.

மறைக்க மாட்டேன்.
பயத்துக்கு முன்னால் வந்தது சந்தோஷம்.
முப்பத்துநாலு வயதில் என்னிடம்
யாரும் இப்படிச் சொன்னதில்லை.
என் கல்யாணப் பேச்சில் கேட்கப்பட்டது
பையனுக்கு வேலை நிரந்தரமா என்பது மட்டும்.
ரெண்டாவதாகத்தான் பயம்.
மூன்றாவது கேவலம்:
யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாமா என்று
ஒரு நிமிஷம், முழுசாய் ஒரு நிமிஷம், யோசித்தேன்.
டீக்கடை நசீர் சிரிப்பார், டிரைவர்கள் சிரிப்பார்கள்,
நல்லாவே சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்புக்கு நடுவில்
அவன் முகத்தை வைத்துப் பார்த்தேன்.
வைக்க முடியவில்லை.

அப்புறம் பழையதைத் துழாவினேன்.
ஆரியங்காவு போனால் எனக்கென்று
பழம்பொரி வாங்கி வருவான், ஆறியிருக்கும்.
என் மழைக்கோட்டை அவனே உதறிக் காயப்போடுவான்.
நான் பின்னால் உட்கார்ந்தால்
தென்மலை இறக்கத்தில் பைக்கை மெதுவாய் ஓட்டுவான்.
எதைக் குற்றம் என்று எடுப்பது?
என் மச்சினன்கூட அத்தனை மெதுவாய் ஓட்டியதில்லை.

ரெண்டரைக்கு கரண்ட் வந்தது.
ட்யூப்லைட் துடித்துத் துடித்து எரிய
நனைந்துபோய் உள்ளே வந்தான்.

"உச்சி, எனக்கு அப்படித் தோணலடே."
"ம்."
"கோவமெல்லாம் இல்ல. யார்ட்டயும் சொல்லமாட்டேன்."
"ம்."
"நீ என்ன சொல்லுத?"

முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.
"நான் ஒண்ணும் கேக்கலயே குத்தாலம்.
சொன்னேன். அவ்வளவுதான்."

அப்போது பார்த்து, நிஜமாகவே வந்தது ஒன்று,
ரப்பர் ஷீட் ஏற்றிய வண்டி.
அவன் இடப்பக்கச் சக்கரங்கள், நான் வலப்பக்கம்.
ரசீதில் தேதியைத் தப்பாக எழுதினேன்.

மறுநாளிலிருந்து டீ கிளாஸை
என் கையில் தராமல் மேசையில் வைத்தான்.
ரசீதுப் புத்தகத்தையும். பைக் சாவியையும்.
கேலி பண்ணுவதையும் நிறுத்திவிட்டான்,
அதுதான் தாங்கவில்லை.

மூன்று ராத்திரி பொறுத்தேன்.
நாலாவது ராத்திரி
அவன் குனியுமுன் எழுந்து போய்
கையிலிருந்தே வாங்கினேன்.
நல்ல சூடு. கொஞ்சம் சிந்தியது,
யார் விரலில் என்று தெரியவில்லை.

"பாத்து" என்றான்.
அப்புறம் வளைவுப் பக்கம் திரும்பாமலே,
"லாரி வருது."

டார்ச்சை எடுத்துக்கொண்டு
ரெண்டு பேரும் போய் நின்றோம்.