ஐம்பது சென்டிமீட்டர்

முதல் கல்யாண நாளுக்கு
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் எதிரே
பன்னிரண்டு ரோஜா வாங்கினேன்.
சாயல்குடி பஸ்ஸில் மடியில் உட்கார்த்தி,
கண்ணாடித் தாள் கசங்காமல்,
பக்கத்துச் சீட்டின் கருவாட்டுப் பைக்கு எட்டாமல்
மூக்கையூர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன்.

ரெனிட்டா முகர்ந்து பார்க்கவில்லை.
தண்டைத் திருப்பினாள்.
வெளி இதழ் இரண்டை உரித்த இடத்தை
நகத்தால் தடவினாள்.
மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்:
"அம்பது சென்டிமீட்டர். ரெண்டாம் தரம்.
வெட்டி அஞ்சு நாளாச்சு."

ஓசூரில் இரண்டு வருஷம்
பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வேலை பார்த்தவள்.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும், அதை ஒரு பூந்தோட்டம் என்றே
மனசில் வைத்திருந்தேன்.

அன்று ராத்திரிதான் சொன்னாள்.
மருந்தடித்த ஈரம் காயுமுன்
கத்தரியைக் கொடுத்து உள்ளே அனுப்புவார்களாம்.
மொட்டு விரிந்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும்
வலைத் தொப்பி மாட்டுவார்களாம்.
"உன் வலை மாதிரியேதான். கண்ணு சின்னது."
பிப்ரவரி பிறந்தால் தூக்கம் கிடையாது.
குளிர் அறையில் விரல் மரத்துப்போய்
முள் ஏறியதே தெரியாது,
ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.
சிவப்புக் கட்டென்றால் அதுவும் தெரியாது.

நான் கண்ணாடித் தாளை மடித்தேன்.
நான்காக, எட்டாக.
எதற்கென்று எனக்கே புரியவில்லை.

அடுத்த வருஷம் தொட்டிச் செடி.
கச்சான் காற்று ஒரு வாரம் அடித்தது,
உப்பேறிக் கருகிவிட்டது.

அதற்கடுத்த வருஷம்
பட்ட மீனில் பெரிய ஊளி ஒன்றை
ஏலத்துக்கு விடாமல் தோளில் போட்டு வந்தேன்.
"அறுநூறு ரூவா போச்சே" என்றாள்.
குழம்பு வைத்தாள்.
இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

நான்காம் வருஷம் இஞ்சின் கடன்.
ஒன்றும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.
கேட்காமல் இருந்ததை நான் கவனித்தேன்.

ஐந்தாம் வருஷம் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
பூசைக்குப் போகிற வழியில்
மணல்மேடு முழுக்க அடம்பு பூத்துக் கிடந்தது,
கத்தரிப்பூ நிறத்தில்.
ஒரு கை பறிக்கலாமென்று குனிந்தேன்.
"விடு. வீட்டுக்குப் போறதுக்குள்ள சுருண்டுடும்.
இங்கயே உக்காரு."
செருப்பைக் கழற்றிவிட்டு
கொடிக்குள் கால் நீட்டிக்கொண்டாள்.
இரண்டாம் மணியும் அடித்தது.
எழுந்திருக்கவில்லை நாங்கள்.
வெயில் ஏற ஏற அவை வாயை மூடும் வரைக்கும்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஐப்பசியில்
ஆடு கட்ட ஒரு கம்பு ஊன்றினேன்.
பூவரசங்கம்பு. பரிசென்று நினைத்தெல்லாம் இல்லை,
கையில் கிடைத்தது அதுதான்.
துளிர்த்தது. துளிர்த்ததை ஆடு தின்றது.
எட்டாத உயரத்தில் மறுபடி துளிர்த்தது.

நேற்று சாயங்காலம்
பாத்திரம் அலசிக்கொண்டிருந்தாள்.
வாளித் தண்ணீரில் ஒரு பூ விழுந்தது.
எடுத்தாள்.
பழைய பழக்கத்தில் காம்பைத் திருப்பினாள்.
அளவு சொல்லப்போகிறாள் என்று
வலையைத் தைத்தபடி காத்திருந்தேன்.

"காலைல மஞ்சளா இருந்துச்சே இது.
இப்ப செவந்துபோச்சு" என்றாள்.
பிறகு,
"இன்னிக்கு என்ன தேதி?"

"ஒண்ணும் இல்லாத தேதி" என்றேன்.

ஈரக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.
அப்புறம் ஆட்டுக்கு நீட்டினாள்.