இடமிருந்து வலம்

வியாழன்தோறும் பன்னிரண்டு பக்கம்.
அதில் ஆறு, டிராக்டர் விளம்பரம்.
மிச்சத்தில் எங்கள் ஊர்:
சஸ்காட்செவான் கோதுமைக்கு நடுவே
எண்ணூற்று நாற்பது பேர்.

மைனஸ் முப்பதிலிருந்து சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்தால்
லென்ஸில் ஆவி படரும்.
பையைத் திறக்காமல் இருபது நிமிடம் உட்கார வேண்டும்.
என் தொழிலைக் கற்றது அந்த இருபது நிமிடங்களில்தான்:
யார் யாரோடு பேசுவதில்லை,
யாரை யார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது,
யாருடைய தட்டில் இரண்டாம் முறையும் வான்கோழி.

பிறகு பெயர்கள்.
பாதி ஊருக்கு உக்ரைனியப் பெயர்,
நாக்கில் நிற்கும், பென்சிலில் நிற்காது.
"பிட்வெர்பெட்ஸ்கி. மெதுவா எழுது" என்பாள் டார்லா.
பத்தொன்பது வருஷம் மெதுவாகத்தான் எழுதினேன்.
இரண்டு முறை தப்பாகிவிட்டது.
இரண்டும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆளைவிடப் பெரிய காசோலைகளை எடுத்தேன்,
தீயணைப்பு வண்டிக்கு, அரங்கின் கூரைக்கு,
மறுபடியும் கூரைக்கு.
தேவாலய நிலவறையில் ஒரே நாளில்
இரண்டாயிரம் பெரோகி மடித்த பெண்களை,
முழங்கை வரை மாவோடு.
ஆலங்கட்டி மழையில் படுத்துவிட்ட கனோலா வயலை,
அதன் ஓரத்தில் கைகட்டி நின்றவரை.
அந்தப் படத்தை ஆசிரியர் போடவில்லை.
"நம்ம சந்தாதாரர்" என்றார்.

மார்ச்சில் வெண்டல் ஷ்டைக்கா இறந்தார்.
அரங்கில் பனித்தளம் இழைப்பவர்.
அடுத்த நாளே டோரீன் அலுவலகத்துக்கு வந்தாள்,
பூட்ஸில் சாலை உப்பின் கறை.
"அஞ்சலி அட்டைக்கு ஒரு படம் போதும்.
எல்லா விழாவிலும் இருந்தாரே."

இருந்தார்.
மூன்று இரவு தேடினேன்.
காசோலை ஓரத்தில் ஒரு முழங்கை.
ஏணியைப் பிடித்திருக்கும் ஒற்றைக் கையுறை.
ஹோமெனியுக் தம்பதியின் அறுபதாம் மணநாளில்
கண்ணாடிக் கதவில் பிரதிபலித்த ஒரு கோட்டுக் குவியல்,
அதன் கீழே அவருடைய பூட்ஸ்.
படம் என்றதும் விலகிவிடுகிற மனிதர்.
"நான் எதுக்கு?" என்பார்,
அடுத்தவர்களின் கோட்டுகளை வாங்கிக்கொள்வார்.

நான்காம் இரவு கவனித்தேன்:
என் படங்களில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
முன்பல் விழுந்த ஹாக்கிப் பையன்கள்,
எதற்கும் சிரிக்காத நகரசபைக் கணக்கர்,
எல்லார் கண்ணும் லென்ஸுக்கு ஒரு சாண் மேலே.
அங்கே, என் தோளுக்குப் பின்னால்,
எட்டுக் கோட்டுகளோடு நின்று
என்ன செய்துகொண்டிருந்தார் அவர்?
நான் திரும்பியதே இல்லை.
அந்தச் சிரிப்பையெல்லாம்
என் திறமை என்று நினைத்திருந்தேன்.

இடமிருந்து வலம் எழுதுவோம்.
நிற்பவர், அமர்ந்திருப்பவர் எழுதுவோம்.
எதிரே இருந்தவரை எழுத
எங்கள் பத்திரிகையில் வழி கிடையாது.

பதினொரு படங்களை மேஜையில் பரப்பினேன்.
டோரீன் ஒவ்வொன்றையும் வெகுநேரம் பார்த்தாள்.
"காதை ஆட்டுவார்" என்றாள்.
"இரண்டையும். தனித்தனியா."
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"ஆனா, அட்டைக்கு முகம் வேணுமே."
ஓட்டுநர் உரிமத்திலிருந்ததைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.
அதில் ஒரு திருடனைப் போல இருந்தார்.
காசு வாங்கவில்லை.

ஏப்ரலில் கர்லிங் கோப்பை.
குளிர் விட்டிருந்தும் இருபது நிமிடம் உட்கார்ந்தேன்.
கோட்டுகள் நாற்காலிகளில் கிடந்தன,
ஒன்று தரையில்.
நான்கு பேர், நடுவில் கோப்பை.
"இங்கே பாருங்க" என்றேன்.
பார்த்தார்கள்,
நேராக, லென்ஸுக்குள்.

படம் துல்லியமாக வந்திருக்கிறது.
மூன்றாம் பக்கத்தில்
சின்னதாகப் போட்டார்கள்.