செக்குபந்தி

வேளச்சேரி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
முப்பத்தோரு வருஷமாக
மற்றவர்களின் மண்ணுக்கு எல்லை எழுதுகிறேன்.

அனீஸ் பாத்திமா கொண்டுவந்த கட்டு
இன்னும் ஈரமாக இருந்தது.
டிசம்பர் தண்ணீர்
பீரோவின் இரண்டாம் தட்டுவரை ஏறியதாம்.
ஒவ்வொரு தாளாகப் பிரித்து
ஃபேன் காற்றில் காட்டினோம்.

தாய்ப் பத்திரம், ஐம்பத்தெட்டு:
வடக்கே கழுவெளி.
எழுபத்தொன்பதில்
வடக்கே கோரைப் பள்ளம்.
தொண்ணூற்றாறில்
வடக்கே காலி மனை.
அதற்குப் பின் வந்ததில் எல்லாம்
வடக்கே முப்பதடி ரோடு.

தொண்ணூற்றாறு என் கையெழுத்து.

அன்று இடம் பார்க்கப் பள்ளிக்கரணைக்குப் போனேன்.
சர்வேயர் தணிகைமலை சங்கிலியை வீச
அது சத்தமில்லாமல் நீருக்குள் போயிற்று.
சம்புப் புதருக்குள்ளிருந்து
சிவந்த நெற்றியோடு ஒரு நீலத் தாழைக்கோழி,
பின்னால் கரிக்குஞ்சு நாலு,
நட்டு அரைமணிகூட ஆகாத எல்லைக்கல்லைச் சுற்றிக்கொண்டு
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயின.
முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு
நீரில் நின்றபடிதான்
காலி மனை என்று குறித்தேன்.
விராலுக்குப் பட்டா இல்லை.
முக்குளிப்பான் கைநாட்டு வைக்காது.
ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

சூரிய சந்திரர் உள்ளவரை
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள...
இந்த வரியை நான் யோசித்து எழுதியதே இல்லை.
விரல் தானாக ஓடும்.
ஐப்பசியில் வந்து பங்குனியில் கிளம்பும் ஊசிவால் வாத்து
ஒரு தாளும் கையில் இல்லாமல்
அப்படித்தான் அனுபவித்துக்கொண்டிருந்தது.

"தரைத்தளம் சார், இனிமே முடியாது,
வந்த விலைக்குக் கொடுத்துடறேன்" என்கிறார்.
பாத்ரூம் ஜாலி வழியே தவளை வருமாம்.
ஒருமுறை விரால் குஞ்சு.
மகன் அதை பக்கெட்டில் விட்டு
மூன்று நாள் சோறு போட்டானாம்.
"வில்லங்கம் ஏதும் வருமா?"

சான்று எடுத்தாயிற்று.
முப்பது வருஷத்துக்கும் வில்லங்கம் இல்லை என்று
முத்திரை சொல்கிறது.

வடக்கே, என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.
கீபோர்டில் விரலை வைத்தபடி எழிலரசி பார்க்கிறாள்.
"முப்பதடி ரோடுதானே சார்?"

அனீஸ் பாத்திமா போனை நீட்டுகிறார்,
இன்று காலையில் எடுத்த படம்.
ரோட்டில் கணுக்கால் தண்ணீர்.
நடுவே நெடுங்கால் உள்ளான் ஒன்று,
யாருடைய கேட்டையோ பார்த்துக்கொண்டு.