கால் இஞ்ச்

தை மாதம் அறுப்பு மிஷின் ஏறி இறங்கியதும்
வயலை விட்டுக் கிளம்பியதெல்லாம்
கூத்தாநல்லூருக்குள் வந்துவிட்டது.
முதலில் அரிசி மூட்டை.
அப்புறம் வாஷிங் மிஷின் வயர்.
அதற்கும் அப்புறம்தான்
கொல்லையில் நீங்கள் கட்டிய கூண்டு.

பதினொரு ஃபிஞ்ச்.
தஞ்சாவூரிலிருந்து துளை போட்ட அட்டைப்பெட்டியில்
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தீர்கள்.
லீவில் பாதி அந்தக் கூண்டுக்கே போனது.
குருவி வெளியே போய்விடக் கூடாதென்று
முக்கால் இஞ்ச் வலை அடித்தீர்கள்.
உள்ளே வருகிறவர்களை
நாம் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

பஜ்ருக்கு எழுந்து போய்ப் பார்த்தேன்.
கிண்ணத்தில் தினை இல்லை.
கறுப்பு அரிசி மாதிரி புழுக்கை.
மூலையில் ஒரே ஒரு இறக்கை,
மடக்கிய விசிறி போல,
சேதமில்லாமல்.

ராத்திரி வீடியோ காலில்
"காட்டு, காட்டு" என்றீர்கள்.
போனைக் கொஞ்சம் ஆட்டியபடியே காட்டினேன்.
தாவிக்கொண்டே இருப்பதை
யாரால் எண்ண முடியும்?

வயலுக்குக் கிட்டி வைக்கும் கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன்.
மூங்கில் சிம்பை வளைத்து, கயிறு முறுக்கி,
கூண்டைச் சுற்றி ஏழு இடத்தில் வைத்தார்.
விடிந்தால் நாலு பெருச்சாளி.
எண்ணிக் காசு வாங்கிக்கொண்டவர் சொன்னார்:
"வெட்டவெளி எலி வந்து மாட்டும்மா.
வீட்டெலி படிச்சது."

மருந்து கேக் வாங்கினேன். பிரிக்கவில்லை.
செத்த எலியைத் தின்பது எதுவோ
அதுவும் சாகுமாம்.
வயலில் ஆந்தைக்கென்று கட்டை நட்டிருக்கிறார்களே,
அங்கிருந்து ஒன்று
இஷாவுக்குப் பிறகு நம் தகரத்தில் வந்து உட்காரும்.
எனக்கு அது காவல் என்று தோன்றியது.
குருவிகளுக்கு அப்படித் தோன்றவில்லை.
ஒரு ராத்திரி இருட்டில் எல்லாம் எழும்பி
கம்பியில் மோதின.
காலையில் ஒன்று தரையில் கிடந்தது,
அலகு மட்டும் இன்னும் மெழுகுச் சிவப்பாய்.

பத்து, ஒன்பது ஆயிற்று.

ஹார்டுவேர் கடையில்
கால் இஞ்ச் வலை கேட்டேன்.
"வீட்ல ஆம்பளைங்க இல்லையா?" என்றான்.
"கால் இஞ்ச்" என்றேன் மறுபடி.

பழைய கூண்டின் மேல் இன்னொரு கூண்டு.
சுற்றிலும் ஒரு அடி தோண்டி
வலையை வெளிப்பக்கமாய் மடித்துப் புதைத்தேன்.
டெல்டா மண்
ஈரத்தில் அல்வா, காய்ந்தால் கருங்கல்.
கடப்பாரை பிடித்த கையில் கொப்புளம்.
ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்பு ஒன்று,
பயந்து பறந்தாலும் திரும்பிக் குச்சி தெரியட்டுமென்று.

மூடுவதற்கு முன் கலயங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன்.
குருவி முட்டை வைக்காமலே விட்ட கடைசிக் கலயம்
கனத்தது.
தேங்காய் நார்,
உங்கள் பழைய பனியன் நூல்,
நடுவில் மெத்தென்று
ஆரஞ்சும் சாம்பலுமாய் நம் குருவியின் இறகு.
அதன் மேல் ஏழு.
கண் திறக்காதவை.
சுமையா பிறந்தபோது இருந்த அதே நிறம்.

கலயத்தைத் தூக்கிக்கொண்டு
வெண்ணாறு வரைக்கும் போனேன்.
வெறும் கலயத்தோடு வந்தேன்.
அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கேட்கவும் இல்லை நீங்கள்.
"ஒன்பதுதானே?" என்றீர்கள் அன்றைக்கு.
முதல் வாரமே தெரியுமாம்.
ஸ்க்ரீன்ஷாட் எடுத்து
கட்டிலில் படுத்து எண்ணுவீர்களாம்.

நான் பேசவில்லை.
கூண்டில் ஏதோ சுரண்டியது.
டார்ச் அடித்தேன்.
புது வலையில் வெள்ளை வயிறு கட்டம் கட்டமாய் அழுந்த
ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு துளையாய் முகர்ந்து பார்த்தது.
மூக்கு நுழைகிறது.
மூக்கு மட்டும்.

"என்ன சத்தம்?" என்றீர்கள் ஷார்ஜாவிலிருந்து.

"ஒண்ணுமில்ல.
கதவு தட்டுது.
தட்டட்டும்."