அரையடி பின்னால்

பதினோரு ஆண்டுகள்
என் முதுகுக்குப் பின்னால் வாழ்ந்தவன்
எவரிஸ்தோ கிந்தானார்.
என் பிடரியில் ஒரு மச்சம் இருப்பதை
என் மனைவிகூடப் பார்த்ததில்லை.
கார்னர் கிக்குக்குக் காத்திருந்த நேரத்தில்
அவன்தான் சொன்னான்.
"நிறம் சரியில்லை, டாக்டரிடம் காட்டு."
பந்து வந்தது.
விலாவில் முழங்கையால் ஒன்று வைத்தான்.

கிராம்பு மெல்லுவான்.
அந்த வாடை நெருங்கினாலே
இன்று கோல் கிடையாது என்று
என் கால்களுக்குத் தெரிந்துவிடும்.

ஃப்ரெஸ்னியோவில் பிறந்தவன்.
வெள்ளி வெட்டும் ஊரில்
வெள்ளியைத் தவிர மற்றதெல்லாம் வீட்டுக்கு வரும் என்பான்:
தூசி, இருமல், சம்பளப் பிடித்தம்.
சுரங்கக் கூரை சரியாமல்
மரமுட்டு கொடுப்பது அவன் அப்பாவின் வேலை.
"நானும் அதையேதான் செய்கிறேன்,
என்ன, கொஞ்சம் வெயில் படுகிறது."
இதைச் சொல்லும்போது என் சட்டை
அவன் கைப்பிடியில் இருந்தது.
நடுவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டில் இரண்டாம் டிவிஷன்.
தப்பாச்சுலா வரைக்கும் இருபது மணி நேரப் பஸ்,
கடைசி சீட், கால் நீட்ட இடமில்லை.
இறங்கினால் கணுக்கால் வரை சேறு.
மூக்கு மூன்று முறை உடைந்தது.
மூன்றாவது என் தலை பட்டு.
அதற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை.
என் கணுக்காலுக்கு அவனும் கேட்டதில்லை.
கணக்கு நேர்.

தேசிய அணிக்கு ஒரே ஒருமுறை கூப்பிட்டார்கள்.
தொண்ணூறு நிமிடமும் பெஞ்ச்.
பச்சைச் சட்டையை வியர்வை படாமல்
மடித்து எடுத்து வந்தான்.
அடுத்த சனிக்கிழமை அதைச் சொல்லிக் கேலி செய்தேன்.
முதல் முறையாக வாய் திறக்கவில்லை.
அன்று நான் இரண்டு கோல் அடித்தேன்.
இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் போலிருந்தது.

பிறகு ஒரு ஜூன் மாதம்
அவன் கிளப்பையே விற்றுவிட்டார்கள்.
பெயர், கொடி, கோப்பை அலமாரி, புல்வெட்டும் இயந்திரம்
எல்லாம் லாரி ஏறி
எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கின.
டாக்சி ரேடியோவில்தான் அவனுக்குச் சேதி.
டிரைவர் மீதிச் சில்லறையை வாங்கவில்லையாம்.
நான்கு மாதச் சம்பள பாக்கி மட்டும்
லாரியில் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டது.

முப்பத்தேழு வயதுவரை ஆடினான்,
சிமென்ட் கம்பெனி அணியில்.
வழியனுப்பு விழாவில் மைக் வேலை செய்யவில்லை.

என் பெயருக்கு நேரே
நூற்று முப்பத்தொரு கோல் என்று எழுதியிருக்கிறது.
அவன் பெயருக்கு நேரே ஒன்று.
அதுவும் சொந்த வலைக்குள்,
என் கால் படாமல் தடுக்கப்போய்.
அடிக்க விடாமல் அவன் தடுத்தவற்றை
எந்தப் பட்டியலிலும் காணோம்.
மழைக்காலத்தில் என் விலா எண்ணும்.

போன செவ்வாய், தொர்ரேயோன்.
அரசுக் காப்பீட்டு மருத்துவமனை,
எலும்புப் பிரிவு வரிசை.
முழங்காலுக்காக வந்திருந்தேன்.
டோக்கன் நாற்பத்தேழு.

கிராம்பு வாடை.

திரும்பவில்லை.
இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன்.
பின்னால் ஒரு கைத்தடி டக்கென்று நகர்ந்தது.
வலத்தோளைச் சாய்த்துக் காட்டிவிட்டு
மறுபடி இடம்.
நூற்று முப்பத்தொன்றில் பாதி அப்படி அடித்தவை.
கைத்தடி ஏமாறவில்லை.
வரிசையில் முன்னால் நின்ற பெண்
எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப்
பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மச்சத்தைக் காட்டினாயா?"

"எடுத்துவிட்டார்கள். அந்த வருஷமே."

"ம்."

அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.
நர்ஸ் கதவைத் திறந்து
நாற்பத்தேழு என்று கூப்பிட்டாள்.
அடியெடுத்து வைத்தேன்.

சட்டை
பின்னால் பிடிபட்டிருந்தது.