ஊதாக் கோடு

பேச்சிப்பாறை அணை தாண்டி
மோதிரமலைக்கு ஏறும் மூன்றாம் வளைவில்
பின்னாலிருந்து ஒரு ‘டொங்’.
இரும்புப் பெட்டியை யாரோ ஒரேயொரு தட்டு தட்டிவிட்டுக்
கையை இழுத்துக்கொண்டது போல.

நின்றால் இல்லை.
இறங்கிக் குனிந்தால் இல்லை.
கிளச்சை விட்டு வண்டி முதல் எட்டு வைக்கையில்
இருக்கிறது.

எட்டுப் பேர் ஏறும் ஜீப்பில் பதினொரு பேர்.
பதினொரு பேருக்கும் பதினொரு அபிப்பிராயம்.
ஷாக் போச்சு என்றார் ரப்பர் பால் அளக்கும் வில்பிரட்.
ஜாயின்ட்டுதான் என்றான்
சைக்கிள்கூட மிதித்தறியாத ஒருவன்.
தடுப்பூசிப் பெட்டியை மடியில் ஏந்திய லில்லி சிஸ்டர் மட்டும்
“எப்பக் கேக்குது, எப்பக் கேக்கல்ல,
அத மொதல்ல எழுதி வையும்” என்றார்,
காய்ச்சல்காரனிடம் சொல்வது போல.

எழுதினேன், ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில்.
காலியாகப் போனால் கேட்கிறது.
ஒட்டுப்பால் மூட்டை ஏற்றினால் குறைகிறது.
பிரேக் பிடித்தால் ஒன்று, விட்டால் ஒன்று.
மழையில் கேட்பதில்லை.
மழையில் எதுவும்தான் கேட்பதில்லை;
அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஒருநாள் பின்சீட்டுக்கடியில் ஜாக்கி
கொக்கி கழன்று உருண்டு கிடந்தது.
அன்று எனக்கு வந்த சிரிப்பு!
பழைய ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன்.
குற்றியாறு வரை நிம்மதி.
குற்றியாற்றுப் பாலத்தில்
‘டொங்’.

ஷாக் புஷ் மாற்றினேன். ஷேக்கிள் புஷ் மாற்றினேன்.
ஆயிரத்து எண்ணூறு போனது, சத்தம் போகவில்லை.
“சத்தம் வண்டியிலயா, உன் மண்டையிலயா?” என்று
போனில் கேட்டார் முதலாளி.
ராத்திரி அயினிச்சக்கை விழுந்த ஓசைக்கு
எழுந்து உட்கார்ந்தவன்
என்ன பதில் சொல்ல.

குலசேகரத்தில் செய்யதலி வண்டியைத் தூக்கவில்லை.
“தூக்குனா பட்டை தொங்கும். சங்கதி ஒளிஞ்சுக்கும்.”
நான்கு சக்கரமும் மண்ணில்,
முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்,
சீட்டில் அவர் பையன் விஜின்.
“முன்னால லேசா. இனி ரிவர்ஸ். விட்டுராத, கடிச்சுப் பிடி.”
பக்கவாட்டில் சரிந்து படுத்து
ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கை வைத்தார்.
ஷேக்கிளில் ஒன்றுமில்லை.
ஷாக்கின் அடியில் ஒன்றுமில்லை.
இடப்பக்க யூ போல்ட்டில் வைத்த கை
அங்கேயே இருந்தது.
ஸ்பானர் போட்டால் நட்டு அசையவில்லை,
இறுகித்தான் இருக்கிறது.

பிறகு சாக்பீஸ் கேட்டார்.
பக்கத்து டியூஷன் சென்டரில் ஊதா நிறம்தான் இருந்தது.
பட்டைக்கட்டிலிருந்து ஆக்சில் தட்டு வரை
செங்குத்தாய் இழுத்தார்,
வலப்பக்கம் ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு கோடு.
“திற்பரப்பு வர போயிட்டு வாரும். பிரேக்கப் பிடிச்சுப் பிடிச்சு.”

போய்வந்தேன்.
வலப்பக்கக் கோடு கோடாகவே இருந்தது.
இடப்பக்கக் கோடு
நடுவில் முறிந்து
கீழ்ப்பாதி ஒரு நெல்மணி அகலம்
பின்வாங்கி நின்றது.

அவிழ்த்தார்.
சென்டர் போல்ட்டின் தலை
அவர் கையில் தானாக வந்தது.
அறுந்த முகத்தில் முக்கால் பங்கு துரு,
கால் பங்கு புது வெள்ளி.
நான் ஷாக்கைத் திட்டிய நாட்களில் எல்லாம்
இது கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டிருந்திருக்கிறது.

போல்ட்டுக்குத் தொண்ணூறு ரூபாய்.
கண்டுபிடிச்சதுக்கு? என்றேன்.
கூலியைச் சொல்லிவிட்டு
“அந்தச் சாக்பீஸ திருப்பிக் குடுத்துரும்,
டீச்சர் ஒரு மாதிரி” என்றார்.

மறுநாள் காலை, மூன்றாம் வளைவு.
முன்கூட்டிச் சொல்லிவைத்தது போல
எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.
கியர் மாற்றினேன்.
தார்ப்பாய் படபடத்தது. என்ஜின் இரைந்தது.
வேறொன்றும் இல்லை.

“வழியில யாரையோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு”
என்றார் மாத்தன் காணி.

லில்லி சிஸ்டர் திரும்பி
ஒவ்வொரு தலையாக எண்ணினார்.
பதினொன்று.